எலுமிச்சை உருண்ட பக்கம்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் ஒருத்தி போட்ட படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளி மைதானத்தின் மேற்கு மூலையைச் சமப்படுத்திக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நான் தேடியது அந்தக் கம்பத்தை. ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல் கம்பம். இரண்டு பக்கமும் நட்ட இரும்புக் குழாய், மேலே குறுக்காக ஒன்று. பலகையும் சங்கிலியும் நாம் ஆறாம் வகுப்புக்கு வருவதற்கு முன்பே யார் வீட்டுக்கோ போய்விட்டன. மிஞ்சிய குழாயில் நாம் தொங்கினோம். வெயிலில் அது கையைச் சுடும். மழை நாளில் துரு உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும். இரும்பும் வியர்வையும் சேர்ந்த அந்தப் புளித்த வாடையோடுதான் மதியச் சோற்றைப் பிசைவோம்.

உங்களில் பாதிப் பேர் அதில் தொங்கியது என்னைப் பார்த்துத்தான். "தொங்கித்தான் வளர்ந்தாள்" என்று நம் வகுப்பில் நான் ஒரு சாட்சியாக இருந்தேன். நானும் அதை மறுக்கவில்லை, பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வளர்வதற்காகத் தொங்கினீர்கள். நான் பயத்தில் தொங்கினேன்.

எங்கள் அம்மா பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டுவது உங்கள் வீடுகளிலும் இருந்ததுதான். நான் அதைச் சொல்லவில்லை. பேசி வைத்த பெண்ணையும் தாய்மாமனையும் ஆடிக் கிருத்திகை அன்று முதுகோடு முதுகாக நிறுத்தி அளவு பார்ப்பார்கள். இரண்டு தலைமீதும் தறியில் கழித்துப்போட்ட மரச்சட்டம் ஒன்றைக் கிடத்தி, நடுவில் பூசையில் வைத்த எலுமிச்சம்பழத்தை வைப்பார்கள். பழம் எந்தப் பக்கம் உருண்டு விழுகிறதோ அந்தப் பக்கம் குள்ளம். பெண்ணின் பக்கம் விழுந்தால் பேச்சு உறுதி. மாப்பிள்ளையின் பக்கம் விழுந்தால் அத்தோடு முடிந்தது. யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. முருகனே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஒரு பேச்சு முறிந்ததாம். அதனால்தானோ என்னவோ, பழத்தை வைக்கும் வேலை எப்போதும் பெரியம்மாவுடையது.

எனக்குப் பேசி வைத்திருந்தது அம்மாவின் கடைசித் தம்பியை. அம்மாவுக்கு ரொம்பப் பின்னால் பிறந்தவர். நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. வார விடுமுறைக்கு பஸ் பிடித்து வருவார். கம்பெனி பேண்ட், கம்பெனி ஷூ, கையில் எனக்கு ஏதாவது தின்பண்டம். கெட்ட மனிதர் இல்லை. உயரமும் இல்லை.

எட்டாம் வகுப்பில் படித்தபோது வந்த ஆடியில், பெரியம்மா கையை எடுப்பதற்குள் பழம் என் பக்கம் உருண்டது. அம்மா முந்தானையை விரித்து அதைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழத்தைப் பிடிக்கிற விளையாட்டு என்றுதான் எனக்கு அதுவரை தெரியும்.

விளையாட்டு இல்லை என்று புரிந்தது எட்டாம் வகுப்புப் பொங்கலின்போது. அம்மா வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஆடியில கடைசியா ஒரு தபா அளவு பாத்துட்டு, அடுத்த தையில வச்சிக்கலாம்னு கீறோம்."

"அப்ப ஒம்பதாவது?"

"படிச்ச மட்டும் போதும். பஸ்ஸு போர்டு படிக்கிறா, மாத்திர அட்டை படிக்கிறா. எங்க வூட்ல யாருக்கு அதுகூடத் தெரிஞ்சிது?"

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் புத்தகம் எடுத்த முதல் ஆள் நான். நைனா விசைத்தறியில் நிற்பவர். அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அவருக்குத் தெரிந்த எழுத்து அவருடைய கையெழுத்து மட்டும். நான் உள்ளே பானையடியில் கோலமாவை வைத்துக்கொண்டு நின்றேன். தை மாதம் என்றால் ஒன்பதாம் வகுப்பின் பாதி. அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக்கூட நான் வாங்க மாட்டேன் என்பதுதான் ஏனோ முதலில் தோன்றியது.

அதே பொங்கலுக்கு எடுத்த பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. அளவு கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மா தையல்காரரைத் திட்டினாள். பிறகு என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஏன்டி, இஸ்கூல்ல இன்னா பண்ற நீ?"

"வாலிபால் ஆடறேன்."

"குதிக்கறியா?"

"குதிக்காம எப்படிம்மா ஆடறது?"

பொங்கல் விடுமுறை முடிந்ததும் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டாள். உங்களுக்கு நினைவிருக்கலாம், டிரில் மேடம் நம்மை உயரப்படி வரிசையில் நிற்க வைத்திருந்தார். வரிசையின் வால் பக்கம் முழுக்கப் பெண்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் நம் தோளுக்கு வந்தால் அதிகம். அதற்காகவே அவர்கள் நம்மை 'கரெண்டு கம்பம்' என்று கூப்பிட்டார்கள். அம்மா நேராக மேடத்திடம் போனாள்.

"மேடம், எம் பொண்ண வெளயாட உடாதீங்க."

"எந்துக்கும்மா? பாக ஆடுது பிள்ள. எத்து வருது. திருப்பதி செலக்‌ஷனுக்குக் கூட்டினு போலாம்னு இருக்கேன்."

எத்து என்றால் உயரம், பாக என்றால் நன்றாக. தெலுங்கு என்றாலும் எல்லையோரத்து நம் ஊரில் அவை நமக்கும் சொந்தமான வார்த்தைகள்.

"அந்த எத்துதான் மேடம் வாணாம். குதிச்சா எலும்பு நீண்டுக்குமாமே? எந் தம்பி இவ்ளோதான்." அம்மா தன் தலைக்குக் கொஞ்சம் மேலே கையைக் காட்டினாள்.

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப உங்க தம்பியை அனுப்புங்கம்மா. அந்தக் கம்பத்துல தொங்க வுடறேன். டெய்லி தொங்குனா அவருக்கும் எத்து வரும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்த நிமிடத்தில் நான் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். பழம் மாமாவின் பக்கம் உருண்டால் நான் படிக்கலாம். அதற்கு வழி மேற்கு மூலையில் நிற்கிறது.

அன்றிலிருந்து அம்மா என் தலைமேல் பாரத்தை ஏற்றினாள். அதுவரை இடுப்பில் எடுத்து வந்த தண்ணீர்க் குடத்தைச் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கச் சொன்னாள். புல்லுக்கட்டு, விறகு, ரேஷன் அரிசி, எல்லாம் தலையில். "தலையில செமந்தா வளத்தி அமுங்கிடும்" என்று எதிர்வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். பள்ளியின் பின்னால் இருந்த குடிநீர்க் குழாயிலிருந்து எங்கள் தெருவரைக்கும் நடக்கும்போது கழுத்து நரம்பு விண்ணென்று இழுக்கும். ஒவ்வொரு அடிக்கும் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குள் இறங்குகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் கதவு நிலையில் போய் நிற்பேன். குறைந்துவிட்டதா என்று கையை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும். அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? காய்ச்சல் வரப்போகிற உடம்பு மாதிரி, எப்போதும் உள்ளே ஒரு குளிர்.

வீட்டில் அமுக்கியதைப் பள்ளியில் இழுத்து நிமிர்த்திவிட வேண்டும். மதிய மணி அடித்ததும் சோறு தின்பதற்கு முன்னால் கம்பத்துக்கு ஓடுவேன். என் பெஞ்சுக்காரி கேட் பக்கம் காவல் நிற்பாள். அவள் குள்ளம், ஆனால் அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

"எம்மே, போதும் எறங்கு. கை பிஞ்சிக்கினு வந்துரப் போவுது."

"இன்னும் கொஞ்சம்."

"உங்க மாமா இன்னா ஒட்டகச்சிவிங்கியா? இவ்ளோ தொங்கற?"

விரல்களுக்குக் கீழே கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. அம்மாவின் கண்ணுக்கு அது படக் கூடாது. பள்ளி வேலியோரம் இருந்த மருதாணியைப் பறித்து அரைத்து இரண்டு கையிலும் அப்பிக்கொண்டேன். சிவப்பில் காய்ப்புத் தெரியவில்லை. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து நைனாவிடம் சொன்னாள்.

"பாரு, அதுக்கே ஆச வந்துட்ச்சி. கேக்காமலே மருதாணி வச்சிக்கினு கீது."

"ஆங்?" என்று கத்தினார் நைனா.

"கல்யாண ஆச வந்துட்ச்சின்றேன்!"

தெருவுக்கே கேட்டது. மருதாணி வைக்காவிட்டால் காய்ப்புத் தெரியும். வைத்தால் ஆசை என்பார்கள். வைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

இதற்கு நடுவில் மேடம் இன்னொன்று சொல்லிவிட்டார். மைதானத்தில் நம்மை உட்கார வைத்து, பெண்பிள்ளைகள் பெரியவளானதும் எத்து நின்றுவிடும், அதனால் இப்போதே நன்றாக ஆடுங்கள் என்றார். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டீர்களோ இல்லையோ, எனக்கு அன்றிலிருந்து வயிற்றில் சின்ன வலி வந்தாலும் உயிர் போனது. கழிப்பறைக்குப் போவதற்கே பயந்தேன். பெரியவளானால் கல்யாணம் நெருங்கும். பெரியவளானால் வளர்த்தியும் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் வரும். ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு முன்னால் யாரோ கோட்டை இழுத்து இழுத்துப் பக்கத்தில் போடுவதுபோல் இருந்தது.

சித்திரையில் அது வந்தது. கோடை விடுமுறையில், தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் நடந்தபோது. கட்டைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெரியம்மா ஓடி வந்து, "எல்லாருக்கும் வர்றதுதான்டி, இதுக்கு ஏன் அழற" என்று தேற்றினாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வழக்கப்படி மாமாதான் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டினார். அந்த ஓலையின் ஈர வாசனைக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நடக்கக் கூடாது, ஓடக் கூடாது. நான் நின்றுபோய்விட்டேன் என்று நினைத்தேன். கடிகாரம் நிற்பது மாதிரி. குடிசைக் கழியில் ஒரு முடிச்சு என் புருவத்துக்கு நேரே இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அதன் எதிரே போய் நிற்பேன். அது அங்கேயேதான் இருந்தது. ஓலை காய்ந்து கழி வெளியே தெரியத் தொடங்கியபோதும் அங்கேயேதான் இருந்தது.

இப்போது எனக்குத் தெரியும், வளர்த்தி அப்படிப் பட்டென்று நிற்பதில்லை. வேகம் குறையுமே தவிர, அதற்குப் பிறகும் பெண் கொஞ்ச காலம் வளர்வாள். அந்தக் களியும் முட்டையும் அம்மா எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தினமும் கொடுத்த நல்ல சாப்பாடு. என் உயரத்தை அமுக்க நினைத்தவள்தான் அதற்கு வேண்டியதையும் ஊட்டிக்கொண்டிருந்தாள். குடம் என்னைக் குள்ளமாக்கவில்லை, கம்பம் என்னை நீட்டவும் இல்லை. தொங்கினால் முதுகெலும்பு கொஞ்ச நேரம் தளர்ந்து நீளும், இறங்கி நடமாடினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஓடியாடுகிற பிள்ளைக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், எலும்பு உறுதியாகும். மற்றபடி உயரம் பெரும்பாலும் அப்பன் ஆத்தாளிடமிருந்து வருவது. அம்மாவும் மேடமும் நம்பியது ஒரே தப்பை. ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கீழே அழுத்தினாள், இன்னொருத்தி மேலே இழுத்தாள். நடுவில் நான்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே வந்தேன். கம்பத்தில் யாரோ தொங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆள். கீழே ஒரு ஜோடி ஷூ, உள்ளே சுருட்டி வைத்த சாக்ஸ். கம்பம் நமக்கு வைத்தது, பெரியவர்களுக்குத் தாழ்வு. கால் தரையில் படாமலிருக்க முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கத் தொங்கியது என் மாமா.

அம்மா மேடத்தின் கிண்டலை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதை நிஜமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் வளர்வதற்கு மேல் அவரும் வளர்ந்துவிட்டால்? ஓடிவிடலாம் என்று திரும்பியபோது குடத்துத் தண்ணீர் தளும்பிச் சத்தம் வந்தது. அவர் கண்ணைத் திறந்து, பிடியை விட்டு, தொப்பென்று குதித்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல மாமா."

"எங்கக்காகிட்ட சொல்லாத." அவர் முகம் சிவந்திருந்தது. "கம்பெனில பசங்க ஓட்டறானுங்க. பொண்ணு உன்ன இடுப்புல தூக்கிக்கினு போவப் போறான்னு."

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு குடத்தைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"கையக் காட்டு."

காட்டினேன். தன் கையையும் பக்கத்தில் நீட்டினார். நான்கு விரலுக்கும் கீழே அதே இடத்தில் அதே காய்ப்பு. என்னுடையது பழசு, சிவப்புப் பூசியது. அவருடையது புதுசு.

"நீ எதுக்குத் தொங்கற?"

"வாலிபாலுக்கு."

"பொய்யி."

தலைமேல் குடம் ஆடியது. தண்ணீர் வழிந்து காதுக்குப் பின்னால் இறங்கியது. சொன்னால் அம்மாவிடம் போய்விடும், அம்மா என்னைப் பள்ளியிலிருந்து இன்றைக்கே நிறுத்துவாள் என்று தெரிந்தது. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"உன்ன விட ஒசரமா ஆவணும் மாமா. நான் படிக்கணும்."

அவர் கீழே உட்கார்ந்து சாக்ஸைப் போட்டார். ஷூவைப் போட்டார். கயிற்றை முடிந்து, அவிழ்த்து, மறுபடி முடிந்தார்.

"போ. தண்ணி வயிஞ்சிக்கினு கீது" என்றார்.

அதற்குப் பிறகு ஆடி வரைக்கும் நான் தூங்கியதாக நினைவில்லை. அம்மா கூப்பிடும் ஒவ்வொரு முறையும், சொல்லிவிட்டார் என்று நினைப்பேன். உப்பு எடுத்து வா என்பாள். மாமா இரண்டு வாரம் ஊருக்கே வரவில்லை. நாயுடுபேட்டையில் வேறு கம்பம் கண்டுபிடித்துத் தொங்குகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே கம்பெனியில் எல்லாமே இரும்புதானே.

ஆடிக் கிருத்திகை. காவடி எடுத்து, மலைக்குப் போய்த் திரும்பி, அம்மா பிறந்த வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். அம்மா என் தலையில் எண்ணெயை வழிய வழிய வைத்து, வகிடு எடுத்து, மண்டையோடு ஒட்டிப் படிய வாரியிருந்தாள். ஒரு முடி மேலே நிற்கக் கூடாது. சாம்பிராணியும் சாமந்தியும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்குக் கை சில்லிட்டுப்போகும்.

மாமா வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அதை எல்லோரும் கவனித்தார்கள்.

"இன்னாடா தம்பி, பேண்டு எங்க? புது மாப்ள ஆயிட்டியா?" என்றாள் பெரியம்மா.

"கிருத்திகையாச்சேன்னு கட்டினேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தைப் படிக்கப் பார்த்து முடியாமல் தரையைப் பார்த்தேன்.

முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். பெரியம்மா கீழே குனிந்து என் பாவாடையைக் கணுக்கால்வரைக்கும் தூக்கிப் பார்த்தாள்.

"குதிகாலத் தூக்காதடி. எக்கனா தெரிஞ்சிடும்."

மாமாவின் குதிகாலையும் பார்த்தாள். "நீயும் எக்காதடா. பொண்ணு வாணும்னு எக்கனவன்லாம் உண்டு நம்ம வூட்ல." எல்லோரும் சிரித்தார்கள்.

தலையில் சட்டம் உட்கார்ந்தது. மரத்தின் கனம் மண்டையில் இறங்கியது. எதிரே அம்மா என் பக்கமாக நின்று முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். அவள் உதடு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தது. தம்பிக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தால் தாய்வீட்டு வாசல் அவளுக்கு அந்நியமாகிவிடும். அதுதான் அவளுடைய பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. விரித்த அந்த முந்தானை எனக்கு வலை மாதிரி இருந்தது.

மாமாவின் முதுகு சூடாக, வியர்த்து, என் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் தோள் எலும்பு என் தோளுக்கு மேலே இடித்தது. முடிந்தது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அந்தச் சூடு மெல்ல நகர்ந்தது. அவர் இறங்குகிறாரா, நான் ஏறுகிறேனா என்று தெரியவில்லை. நான் ஏறுவது மாதிரிதான் இருந்தது. ஆறு மாதமாகத் தொங்கியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த நிமிடத்தில் என்னை மேலே தூக்குவது மாதிரி. அவர் உடம்பு லேசாக நடுங்க ஆரம்பித்தது. கோபம் என்று நினைத்து இன்னும் பயந்தேன்.

பெரியம்மா பழத்தை வைத்தாள்.

அது என் தலைக்கு மேலே கொஞ்சம் அசைந்தது. மரத்தில் அது உரசும் சத்தம் மண்டைக்குள் கேட்டது. பிறகு சத்தம் தள்ளிப்போனது. எனக்குப் பின்னால் எங்கோ தொப்பென்று விழுந்தது.

நான் கண்ணைத் திறந்தபோது அம்மா இன்னும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குதிச்சிக் குதிச்சியே பாழாக்கிட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உடுக்கா. முருகனே சொல்லிட்டாரு, நாம இன்னா பண்றது" என்றார் மாமா. குனிந்து பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்ல வேள மாப்ள. ஏணி வச்சித்தான் தாலி கட்டியிருக்கணும்" என்றார் பெரியப்பா. மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்த ஊரில் அவருக்கு 'எலுமிச்சங்கா' என்று பேர். சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பெண் அமைய வருடங்கள் ஆயின.

மிச்சத்தை நீங்கள் அறிவீர்கள். ஒன்பதாவது, பத்தாவது, நம்மோடு படித்தேன். மேடம் என்னைத் திருப்பதி செலக்‌ஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டு, "எத்து தக்குவ" என்று ஒரே வார்த்தையில் ஓரமாக அனுப்பிவிட்டார்கள். உயரம் போதாதாம். நானும் மேடமும் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்தாம் வகுப்பில் அந்தக் குள்ளப் பையன்கள் எல்லாம் நம்மைத் தாண்டிப் போனபோதும் வரவில்லை. ஆடிக்கு ஆடி நான் என்னை நிமிர்த்திக்கொண்டே இருந்தேன். பயத்தை நான் ஜெயித்தேன், என் கையால் ஜெயித்தேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் கல்லூரிக்கும் போனேன்.

இப்போது திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். போன மாதம் மாமா தன் மகளைக் கூட்டிவந்தார். அந்தப் பெண் பள்ளியில் கபடி ஆடுகிறாள், முழங்காலில் அடி. பெரிதாக ஒன்றுமில்லை. உயரம் எடை பார்க்க அவளை மூலையில் இருந்த அளவுகோலில் நிறுத்தினேன். தலைமேல் இறங்கி உட்காரும் அந்தப் பலகை அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"நைனா, நீயும் நில்லு. நைனா, நில்லேன்!"

மாமா சிரித்துக்கொண்டே நின்றார். அவள் பலகையை இழுத்து அவர் தலைமேல் வைத்தாள். "இப்ப அக்கா" என்று என்னை இழுத்தாள். நான் விறைப்பாக நின்றேன், பழக்கம். பலகை மாமாவின் கோட்டில் நிற்கவில்லை. இறங்கி வந்து, இரண்டு விரல் கீழே, என் தலையைத் தொட்டது.

"அக்கா குள்ளம்!" என்று கத்தினாள் அவள்.

நான் திரும்பிக் கோட்டைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நாற்பதை நெருங்கும் மனிதர். என் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவர் அந்த ஆடிக்குப் பிறகு ஒரு விரல்கூட வளர்ந்திருக்க முடியாது. வளர்ந்தது நான் மட்டும்தான்.

"மாமா," என்றேன். "அன்னிக்கு எலுமிச்சம்பயம் உன் பக்கம்தானே வுயுந்திச்சி?"

அவர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அன்னிக்கி வேட்டி கட்டிக்கினு வந்தன் இல்ல" என்றார்.

என் முதுகில் அந்தச் சூடு மறுபடி இறங்கியது. வேட்டிக்குள் மடங்கிய முழங்காலோடு, நடுங்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக. இத்தனை வருடமும் அதை நான் வளர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.